தீவனத்தில் புரோபயாடிக் கலப்பதற்கு முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி பண்ணையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கறவை மாடு, வெள்ளாடு, கோழி என்று எதை வளர்த்தாலும் இப்போதெல்லாம் தீவனக் கடைக்காரர் ஒரு புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமி) பாக்கெட்டையும் சேர்த்து நீட்டுகிறார். செரிமானம் சீராகும், கழிச்சல் நிற்கும், பால் கூடும் என்கிறார். அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பாக்கெட்டில் இருக்கும் கிருமிக்கு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் குணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கடையில் பதில் கிடைக்காது. கம்பெனி ரெப்பிடமும் பெரும்பாலும் கிடைக்காது. பாலக்கோடு பக்கம் சின்னதாகப் பால் பண்ணை வைத்திருக்கும் நான் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி மாட்டாஸ்பத்திரி, டீலர், ஆய்வகம் என்று நிறைய அலைந்துவிட்டேன். யாரிடம் எந்தக் காகிதம் கேட்பது, எதைப் பரிசோதனைக்கு அனுப்புவது, காசு எங்கே வீணாகும் என்பதெல்லாம் அலைந்த பிறகுதான் புரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஊசி போட்ட மாட்டின் பாலில் தயிர் சரியாக உறையாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பாலில் தங்கிய ஆன்டிபயாடிக், தயிரை உறைய வைக்கும் கிருமியை முடக்கிவிடுகிறது. தீவனத்தில் போடும் நல்ல கிருமியும் அப்படித்தான் ஆன்டிபயாடிக்குக்கு அடங்கிப் போக வேண்டும். அடங்கவில்லை என்றால் அதனிடம் எதிர்ப்பு மரபணு இருக்கலாம். அந்த மரபணு பிளாஸ்மிட் என்கிற தனி வளையத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. மாட்டின் குடலில் பக்கத்தில் இருக்கும் வேறு கிருமிக்கு அது கைமாறிப் போகும். வாங்கிக்கொள்வது நோய்க் கிருமியாகவும் இருக்கலாம். நாளைக்கு மடிநோய் வந்தாலோ கன்றுக்குக் கழிச்சல் வந்தாலோ டாக்டர் போடும் மருந்து வேலை செய்யாமல் போகும். சாணம் அள்ளும் நம் கைக்கும் அதே கிருமி வரும். தினமும் கோடிக்கணக்கில் நாமே காசு கொடுத்து ஊட்டும் கிருமி என்பதால், மற்ற எதையும்விட இதில் கவனம் வேண்டும்.

1. உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

மாடு நன்றாக அசைபோடுகிறது, சாணம் கெட்டியாக இருக்கிறது, பால் அளவு சீராக இருக்கிறது என்றால் புரோபயாடிக்குக்குச் செலவழிக்க அவசரம் இல்லை. அந்தப் பணத்தில் தாது உப்புக் கலவையும் பசுந்தீவனமும் வாங்குவது நல்லது. தீவனத்தைத் திடீரென்று மாற்றும்போது, அடர்தீவனம் அதிகம் போகும்போது, கன்று பால் மறக்கும்போது, ஆன்டிபயாடிக் சிகிச்சை முடிந்த பிறகு என்று சில நேரங்களில் இது உதவும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைக் கழிவைச் சீசனில் அதிகமாகப் போடுகிறவர்கள், மாட்டின் வயிறு புளித்துப் போன பிறகு புரோபயாடிக் தேடி ஓடுகிறார்கள். கழிவின் அளவைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கான்ட்ராக்ட் முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தீவனம் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதில் என்ன கலக்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஆனாலும் புரோபயாடிக்கும் ஆன்டிபயாடிக்கும் ஒரே மூட்டையில் கலந்து வருகிறதா என்று சூப்பர்வைசரிடம் கேட்கலாம். மூட்டையோடு தைத்திருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் மாட்டுப் படம் இருக்கும், பின்பக்கத்தில்தான் சரக்கு இருக்கிறது. அங்கே நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

கிருமியின் முழுப் பெயர் வேண்டும். "லாக்டோபேசில்லஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. லாக்டோபேசில்லஸ் ஆசிடோஃபிலஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் என்று இனத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்ட்ரெய்ன் எண். ஸ்ட்ரெய்ன் என்பது ஒரே கிருமி இனத்துக்குள் இருக்கும் தனித்தனி வம்சம். இதுதான் மிக முக்கியம். ஒரே இனத்தில் ஒரு ஸ்ட்ரெய்ன் சுத்தமாக இருக்கும், இன்னொன்று எதிர்ப்பு மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும். எம்.டி.சி.சி., என்.சி.ஐ.எம்., ஏ.டி.சி.சி., டி.எஸ்.எம். போன்ற எழுத்துகளோடு ஒரு எண் இருந்தால், அந்தக் கிருமி ஒரு சேகரிப்பு மையத்தில் பதிவாகியிருக்கிறது என்று பொருள். எம்.டி.சி.சி. சண்டிகரில் இருக்கிறது, என்.சி.ஐ.எம். புனேயில் இருக்கிறது. எண் இருப்பதாலேயே கிருமி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. ஆனால் எண் இல்லாவிட்டால் மேற்கொண்டு விசாரிக்கவே வழி இல்லை.

மூன்றாவது, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள கிருமி என்ற கணக்கு. இதைச் சி.எஃப்.யு. என்று போடுவார்கள். நான்காவது, பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி.

"மருந்து அல்ல, தீவனச் சேர்க்கை மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும் பாக்கெட்டுகள் மருந்தாக விற்கப்படுபவை அல்ல. மருந்துக் கடையில் வாங்கினேன், அதனால் மருந்துக்கு உரிய சோதனை எல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு வாசகத்தைப் பார்த்தால் உடனே நின்று யோசியுங்கள்: "ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே கொடுக்கலாம்." விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார். பொருள் ஈஸ்டாக இருந்தால் இது நியாயமான பேச்சு. பாக்டீரியாவாக இருந்தால், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது என்றுதான் அர்த்தம். ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கம்பெனி எழுத்தில் விளக்கும் வரை வாங்காதீர்கள்.

3. எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது

கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் என் முதல் தேர்வு ஈஸ்ட்தான். பாக்கெட்டில் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்று இருக்கும். ஈஸ்ட் பாக்டீரியா அல்ல, பூஞ்சை இனம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் அதைத் தொடாமல் இருப்பது அதன் இயல்பு. அதனால் நாம் பயப்படும் மரபணுக் கைமாற்றத்துக்கு அங்கே இடமில்லை. அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஈஸ்ட் என்று பெயர் போட்டுவிட்டுக் கீழே வரிசையாகப் பாக்டீரியாப் பெயர்களும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கோழிக்கும் குச்சித் தீவனத்துக்கும் பேசில்லஸ் வகைதான் அதிகம் வருகிறது. இவை வித்து (ஸ்போர்) வடிவில் இருப்பதால் குச்சித் தீவன இயந்திரத்தின் சூட்டைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ் அந்தச் சூட்டில் பெரும்பாலும் செத்துவிடும். ஆகவே குச்சித் தீவனத்துக்குள் லாக்டோபேசில்லஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால், உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேசில்லஸிலும் ஆள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். டொயோசெரின் என்ற பெயரில் ஐரோப்பாவில் பேசில்லஸ் சீரியஸ் வகை தீவனச் சேர்க்கை ஒன்று பல ஆண்டுகள் விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கிருமிக்கு டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் இரண்டுக்கும் எதிர்ப்பு உண்டு என்று தெரியவந்ததும் 2013-இல் அங்கே அதன் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். பெயர் பெற்ற பொருளுக்கே அந்த நிலை.

என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்று இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். குடலில் இயல்பாக வாழும் கிருமிதான். ஆனால் மரபணுவை வாங்குவதிலும் கொடுப்பதிலும் இது கைதேர்ந்தது, மருத்துவமனைகளில் மனிதருக்கு நோய் உண்டாக்கும் ஸ்ட்ரெய்ன்களும் இதே இனத்தில் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாதுகாப்பானவை என்று இனத்தோடு ஏற்றுக்கொண்ட கிருமிகளின் பட்டியலில் என்டரோகாக்கஸ் இல்லை. ஒவ்வொரு ஸ்ட்ரெய்னையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள். ஸ்ட்ரெய்ன் எண் இல்லாத என்டரோகாக்கஸ் பாக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

4. கம்பெனியிடம் கேட்க வேண்டிய காகிதங்கள்

டீலரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் "எல்லாம் இருக்குங்க" என்பார். பாக்கெட்டில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கோ வாட்ஸாப்புக்கோ எழுத்தில் கேளுங்கள். பேட்ச் நம்பரைக் குறிப்பிட்டுக் கேட்டால் மதிப்பு அதிகம். கேட்க வேண்டியவை:

அ. அந்தப் பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்று. இதில் கிருமி எண்ணிக்கை, ஈரப்பதம், சால்மொனெல்லா, ஈ.கோலை இல்லை என்ற விவரம் இருக்கும். இது சுலபமாகக் கிடைக்கும்.

ஆ. ஸ்ட்ரெய்னை அடையாளம் கண்ட அறிக்கை. யார் எந்த ஆண்டில் எந்த முறையில் கண்டார்கள் என்பது இருக்க வேண்டும்.

இ. ஆன்டிபயாடிக் உணர்திறன் அறிக்கை. ஒவ்வொரு ஸ்ட்ரெய்னுக்கும் தனியாக, எண்களோடு வேண்டும்.

ஈ. முழு மரபணு வரிசை அறிக்கையின் சுருக்கம். ஐரோப்பாவில் தீவனச் சேர்க்கைப் பாக்டீரியாவுக்கு இது கட்டாயம். நம் ஊரில் எல்லாரிடமும் இருக்காது. இருந்தால் அந்தக் கம்பெனியை நம்பலாம்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. "ஆன்டிபயாடிக் அறிக்கை அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "பொருளில் ஆன்டிபயாடிக் எச்சம் இல்லை" என்ற சான்றை அனுப்பிவிடுவார்கள். எனக்கும் ஒரு கம்பெனி அதைத்தான் அனுப்பியது, அதையே திரும்பத் திரும்ப அனுப்பியது. எச்சம் இல்லை என்பது வேறு, கிருமிக்கு எதிர்ப்பு இல்லை என்பது வேறு. "ஒவ்வொரு ஸ்ட்ரெய்னுக்கும் எம்.ஐ.சி. அளவுகள் கொண்ட அறிக்கை" என்று அப்படியே எழுதிக் கேளுங்கள் (எம்.ஐ.சி. என்றால் என்ன என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்). இந்த வார்த்தையைப் போட்டதும் கடிதம் விற்பனைப் பிரிவிலிருந்து தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும்.

பதிலுக்கு இரண்டு வாரம் காத்திருங்கள். வராவிட்டால் ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை.

பதில் வரும் வரை இன்னொரு வேலையையும் செய்யலாம். ஸ்ட்ரெய்ன் எண்ணை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே மதிப்பிட்ட ஸ்ட்ரெய்னாக இருந்தால் முழுக் கருத்துரையும் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலம் கடினமாக இருந்தால், கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஆன்டிமைக்ரோபியல்" என்ற சொல் வரும் பத்தியை மட்டும் படித்தால் போதும்.

5. அறிக்கையை எப்படிப் படிப்பது

எம்.ஐ.சி. என்பது கிருமி வளராமல் நிற்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு. லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடுவார்கள். எண் சிறியதாக இருந்தால் நல்லது, கொஞ்ச மருந்துக்கே கிருமி அடங்குகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஒவ்வொரு வகைக் கிருமிக்கும் ஒரு எல்லை எண் வகுத்திருக்கிறது. அறிக்கையில் இருக்கும் எண் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் எதிர்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

பேசில்லஸுக்கு டெட்ராசைக்ளின் 8, குளோராம்ஃபெனிகால் 8, எரித்ரோமைசின் 4, ஜென்டாமைசின் 4 என்பவை எல்லைகள். என்டரோகாக்கஸ் ஃபீசியத்துக்கு ஆம்பிசிலின் 2, டெட்ராசைக்ளின் 4, எரித்ரோமைசின் 4. லாக்டோபேசில்லஸில் இனத்துக்கு இனம் எண் மாறும். பிளான்டாரம் வகைக்கு டெட்ராசைக்ளின் 32 வரை ஏற்கிறார்கள், ஆசிடோஃபிலஸ் வகைக்கு 4 தான். அதனால் ஒரு கிருமியின் எல்லையை இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

முதலில் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் இரண்டையும் பாருங்கள். நம் மாடுகளுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் எவ்வளவு சாதாரணமாகப் போடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இந்த இரண்டு மருந்துக்கும் உரிய எதிர்ப்பு மரபணுக்கள்தான் தயிர்க் கிருமி வகைகளிலும் என்டரோகாக்கஸிலும் கைமாறும் நிலையில் அதிகம் காணப்படுகின்றன. டெட்-எம், இ.ஆர்.எம்-பி என்ற மரபணுப் பெயர்கள் அறிக்கையில் "உண்டு" என்று வந்தால் அந்தப் பொருள் வேண்டாம்.

எதிர்ப்பு என்று கண்ட இடமெல்லாம் பயப்படவும் தேவையில்லை. பல லாக்டோபேசில்லஸ் இனங்களுக்கு வான்கோமைசின் பிறவியிலேயே வேலை செய்யாது. அவற்றின் செல்சுவர் அமைப்பே அப்படி. அந்த எதிர்ப்பு இன்னொரு கிருமிக்குத் தொற்றாது. அதற்கு நேர்மாறாக லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரியின் ஒரு ஸ்ட்ரெய்னைச் சொல்லலாம். ஏ.டி.சி.சி. 55730 என்ற அந்தக் கிருமி மனிதருக்கான புரோபயாடிக்காக விற்பனையில் இருந்தது. அதன் பிளாஸ்மிட்களில் டெட்ராசைக்ளினுக்கும் லின்கோமைசினுக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. உற்பத்தியாளர்கள் அந்தப் பிளாஸ்மிட்களை நீக்கி, டி.எஸ்.எம். 17938 என்று புதிய ஸ்ட்ரெய்னாகக் கொண்டுவந்தார்கள். நினைத்தால் சரிசெய்ய முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். "பாக்டீரியா என்றால் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும்" என்று ரெப் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிறவி எதிர்ப்பா, வந்து சேர்ந்ததா, மரபணு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

அறிக்கையில் எண்ணே இல்லாமல் எஸ் (மருந்துக்கு அடங்கும்), ஆர் (எதிர்க்கும்) என்று எழுத்து மட்டும் இருந்தால் அது வில்லைச் சோதனை. மருந்து தடவிய வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து சொல்வது. நோய்க் கிருமிக்கு இது நல்ல முறை. லாக்டோபேசில்லஸ் அந்தச் சோதனையில் கிருமி வளர்க்கப் பயன்படுத்தும் வழக்கமான ஊட்டக் கலவையில் சரியாக வளரவே வளராது, அதனால் முடிவை நம்ப முடியாது. ஐ.எஸ்.ஓ. 10932 என்ற முறையில் செய்தார்களா என்று கேளுங்கள். லாக்டிக் அமிலக் கிருமிகளுக்கு என்றே வகுத்த முறை அது.

6. நாமே பரிசோதனைக்கு அனுப்புவது

கம்பெனி அறிக்கை கிடைத்தால் இந்தப் படி தேவைப்படாது. கிடைக்கவில்லை, ஆனால் பொருள் நன்றாக வேலை செய்கிறது, விட மனமில்லை என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். செலவு பிடிக்கும் வேலை.

முதலில் உங்கள் ஊர் கால்நடை டாக்டரிடம் பேசுங்கள். அவர் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் ஆய்வகத்தில் பேச்சு எளிதாகும். அடுத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையங்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு. கோழிப் பண்ணையாளர்களுக்கு ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. இவர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்துகொடுப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம், எங்கே அனுப்புவது என்று வழிகாட்டுவார்கள்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உண்டு. நம்மில் பலர் நேராக அங்கே போய்விடுகிறோம். தீவன ஆய்வகத்தின் வேலை புரதம், நார், அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு போன்றவற்றைப் பார்ப்பது. கிருமியைப் பிரித்து மருந்து எதிர்ப்பைச் சோதிப்பது நுண்ணுயிரியல் துறையின் வேலை. போனில் பேசும்போதே "கால்நடை நுண்ணுயிரியல் துறை" என்று கேட்டு இணைப்பு வாங்குங்கள். ஓசூர், தளி, சூளகிரிக்காரர்களுக்குப் பெங்களூருதான் பக்கம். ஆடுகோடியில் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனமும், எலஹங்காவில் கால்நடை நோய்ப் பரவல் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. வெளியாரின் மாதிரியை இப்போது எடுத்துக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தனியார் ஆய்வகம் என்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ளதா என்பதோடு நிற்காமல், அங்கீகாரப் பட்டியலில் இந்தப் பரிசோதனை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு.

கட்டணத்தை எழுத்தில், கொட்டேஷனாக வாங்குங்கள். இங்கே நான்கு கேள்விகள் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். கட்டணம் ஒரு பாக்கெட்டுக்கா, ஒரு ஸ்ட்ரெய்னுக்கா? எத்தனை மருந்துகளுக்கு? கிருமியைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்பது இதில் அடங்குமா? ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா? ஐந்து கிருமி கலந்த பாக்கெட் என்றால் ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். செலவும் ஐந்து மடங்காகும். அதனால்தான் ஒன்று அல்லது இரண்டு ஸ்ட்ரெய்ன் உள்ள பொருளையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரே பொருளை வாங்கும் நாலைந்து பண்ணையாளர்கள் சேர்ந்தோ, பால் சொசைட்டி மூலமாகவோ கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மாதிரி எடுப்பது எப்படி என்றால், பிரிக்காத பாக்கெட்டாக ஒரே பேட்ச்சில் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, இன்னொன்று சீல் உடைக்காமல் உங்களிடம். பிரித்த பாக்கெட்டைக் கொடுத்தால், எதிர்ப்புக் கிருமி உங்கள் தொழுவத்திலிருந்து விழுந்தது என்று கம்பெனி சொல்லிவிடும், நம்மால் மறுக்க முடியாது. லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் என்றால் ஐஸ் கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோங்கள். திங்கள் அல்லது செவ்வாய் போய்ச் சேருமாறு பாருங்கள். வெள்ளிக்கிழமை கூரியரில் போட்டால் சனி, ஞாயிறு குடோனில் வெந்துவிடும். சித்திரை, வைகாசியில் முடிந்தவரை அனுப்பாமல் இருப்பது நல்லது.

கூடவே வைக்க வேண்டியவை: கடை பில் நகல், பாக்கெட்டின் முன்பின் போட்டோ, டாக்டரின் கடிதம், உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண், எந்தப் பரிசோதனை வேண்டும் என்று தெளிவாக எழுதிய ஒரு பக்கக் கடிதம். பெங்களூருக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பணத்தை ஆன்லைனில் கட்டலாமா, வரைவோலையா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கிருமியை வளர்க்க, பிரிக்க, அடையாளம் காண, மருந்தில் வைத்துப் பார்க்க என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரிரு நாள் ஆகும். வரிசையில் வேறு மாதிரிகள் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. நடைமுறையில் அதற்கு மேல்தான் ஆகும். முழு மரபணு வரிசை கேட்டால் காலமும் பணமும் இன்னும் கூடும், தனி ஒரு பண்ணைக்கு அது கட்டுப்படியாகாது.

7. விலையைக் கணக்குப் போடும் முறை

கிலோ விலையை வைத்து மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு பாக்கெட் கிலோ 300 ரூபாய், கிராமுக்கு 10 கோடிக் கிருமி. இன்னொன்று கிலோ 900 ரூபாய், கிராமுக்கு 100 கோடி. இரண்டாவது விலையில் மூன்று மடங்கு, சரக்கில் பத்து மடங்கு. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கோடி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அதற்கு எத்தனை கிராம், எத்தனை ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். மூன்று மாத இருப்பு வாங்கி வைத்தால் தள்ளுபடி தருவார்கள். தகரக் கூரைக்குக் கீழே கோடையில் வைத்தால் தள்ளுபடியைவிட அதிகம் செத்துப்போகும்.

8. கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சுத்தமான ஸ்ட்ரெய்ன் வாங்கினாலும் பண்ணையில் நாமே அதைக் கெடுத்துவிட முடியும். குடலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் இருந்துகொண்டே இருந்தால், எதிர்ப்பு உள்ள கிருமி மட்டும் பிழைத்துப் பெருகும். நல்ல கிருமியும் அக்கம்பக்கத்திலிருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். அதனால் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தோடு புரோபயாடிக்கைக் கலக்காதீர்கள். தீவனச் சீட்டில் பாசிட்ராசின், டைலோசின், குளோர்டெட்ராசைக்ளின் போன்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கோலிஸ்டின் என்று இருந்தால் அந்த மூட்டையை வாங்கவே கூடாது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் அதை இந்திய அரசு 2019 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. பழைய இருப்பு என்று மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாட்டுக்கு ஆன்டிபயாடிக் சிகிச்சை நடக்கும்போது பாக்டீரியா வகைப் புரோபயாடிக்கை நிறுத்திவிட்டு, சிகிச்சை முடிந்த பிறகு தொடங்குங்கள். எத்தனை நாள் கழித்து என்று டாக்டரிடம் கேளுங்கள், மருந்துக்கு மருந்து மாறும். டாக்டர் ஐந்து நாள் சொன்னால் மூன்றாம் நாளே மாடு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நம் பகுதியில் ஒரு பழக்கம் இருக்கிறது. மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது, கீழே கொட்டவும் மனசு வராது, கன்றுக்கு ஊட்டிவிடுகிறோம். அந்தப் பாலில் இருக்கும் கொஞ்ச மருந்து கன்றின் குடலில் எதிர்ப்புக் கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. அதே கன்றுக்குக் காலையில் புரோபயாடிக்கும் கொடுக்கிறோம். இந்தப் பால் கன்றுக்கு வேண்டவே வேண்டாம். மருந்துப் பெட்டியில் விலக்கு நாள் (மருந்து போட்ட பிறகு பாலையோ இறைச்சியையோ பயன்படுத்தக் கூடாத நாட்கள்) போடாவிட்டால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்பது இந்திய மருந்து விதி.

தண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் இதைக் கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ போதும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

சாணத்தைப் பச்சையாகத் தக்காளி, கீரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல், குவித்து நன்றாகச் சூடேறி மக்கவிட்டுப் போடுங்கள். சூடேறிய குவியலில் எதிர்ப்புக் கிருமிகள் பெருமளவு குறையும்.

9. ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மாட்டின் காது வில்லை எண், புரோபயாடிக் பெயர், பேட்ச் நம்பர், தொடங்கிய நாள், நிறுத்திய நாள், கொடுத்த ஆன்டிபயாடிக், டாக்டர் சீட்டு. பில்லையும் பாக்கெட்டின் பின்பக்க அட்டையையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். பின்னால் ஒரு மாட்டுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றால், பால் அல்லது சாண மாதிரியோடு இந்த நோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்ப அவருக்கு அது உதவும்.

பரிசோதனையில் எதிர்ப்பு உண்டு என்று வந்துவிட்டால் மிச்சப் பாக்கெட்டுகளைச் சாணக் குழியிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். பேசில்லஸ் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. ஆய்வக அறிக்கையின் நகலோடும் பில்லோடும் டீலரிடம் திருப்பிக் கொடுத்து, எத்தனை பாக்கெட், எந்தப் பேட்ச் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகலைக் கம்பெனிக்கு மின்னஞ்சலிலும், இன்னொன்றை உங்கள் கால்நடை டாக்டரிடமும் கொடுங்கள். அதே பேட்ச்சை வாங்கிய பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.